போலீஸ் காரைக் கடக்கையில் டிடெக்டர் ஏன் முனகுகிறது? அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் வழி

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓரமாக நிற்கும் போலீஸ் காரைக் கடக்கிறீர்கள். காவலர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். கையில் ரேடார் துப்பாக்கி இல்லை. ஆனாலும் உங்கள் ரேடார் டிடெக்டர், அதாவது போலீஸ் ரேடாரின் அலையை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி, ஒரே ஒரு முறை மெல்லக் கீச்சிட்டு அடங்கிவிடுகிறது. டிடெக்டர் வைத்து ஓட்டுபவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் பழையது: ரேடாரை நிறுத்தி வைத்திருந்தாலும் உள்ளிருந்து கொஞ்சம் அலை கசிந்துகொண்டே இருக்குமாம், நல்ல டிடெக்டர் அதையும் பிடித்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலை கூடிய டிடெக்டரை விற்பதற்கும் உதவுகிறது. ஆனால் அந்தக் கீச்சொலிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. போலீஸ் காரில் உண்மையாகவே கசியும் கருவி ஒன்று உண்டு. அது ரேடார் அல்ல.

எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்பும் டிடெக்டரின் அமைப்புகளுக்குள் போய், அலைவெண்ணை எண்ணாகக் காட்டும் வசதியை இயக்கிவிடுங்கள். வெறும் விளக்கும் ஒலியும் மட்டும் உள்ள டிடெக்டரை வைத்துக்கொண்டு காரணம் தேடினால் ஊகத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. அமெரிக்கப் போலீஸ் ரேடார்கள் பேண்ட் எனப்படும் மூன்று அலைவெண் பகுதிகளில் இயங்குகின்றன. எக்ஸ் பேண்ட் 10.525 ஜிகாஹெர்ட்ஸ், இப்போது மிக அரிது. கே பேண்ட் 24.050 முதல் 24.250 வரை, போலீஸ் கருவிகள் பெரும்பாலும் 24.150-ஐ ஒட்டியே இருக்கும். கேஏ பேண்ட் 33.4 முதல் 36.0 வரை, இதில் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று எண்களை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். இந்த மூன்றில் ஒன்றை ஒட்டிய எண் அசையாமல் திரையில் நின்றால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

நிறுத்தி வைத்த ரேடாருக்குள் என்ன நடக்கிறது

போலீஸ் ரேடாரின் உயிர் ஒரு சிறு அலையியற்றி. பல கருவிகளில் அது கன் டையோடு எனப்படும் குறைகடத்தி. அதற்குச் சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், உலோகக் குழிக்குள் உட்கார்ந்தபடி 24 அல்லது 34 ஜிகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும். வெளியேறும் ஆற்றல் சில பத்து மில்லிவாட்தான். அலையின் பெரும்பகுதி ஆன்டெனா வழியாகச் சாலைக்குப் போகிறது. ஒரு சிறு பகுதி உள்ளேயே தங்கி, திரும்பி வரும் எதிரொலியுடன் கலக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் டாப்ளர் ஒலி. 24.150 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாரில், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸ், 34.7-இல் சுமார் 103 ஹெர்ட்ஸ். காவலர் ஒலிபெருக்கியில் கேட்கும் சீழ்க்கை இதுவே.

நம் கேள்விக்கு விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே அலையியற்றி. கேட்பதற்கென்று தனியாக இன்னொன்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பதில்லை. காவலர் காத்திருப்பு நிலைக்கான பொத்தானை அழுத்தியதும் அந்த டையோடுக்குப் போகும் மின்னழுத்தம் துண்டிக்கப்படுகிறது என்றால், நுண்ணலை அங்கேயே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது திரையும், கணக்கிடும் சில்லும். அவற்றின் துடிப்புகள் மெகாஹெர்ட்ஸ் அளவிலானவை; உங்கள் டிடெக்டரின் காதுக்கு எட்டாதவை.

அறிகுறி: நிற்கும் போலீஸ் காருக்கு அருகே ஒரே ஒரு மெல்லிய கீச்சொலி

இதில்தான் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதலில் எண்ணைப் பாருங்கள்.

எண் கேஏ பேண்டில், மேலே சொன்ன மூன்றில் ஒன்றாக இருந்தால், கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தக் கணம் யாரையோ அளந்திருக்கிறது. விசையை அழுத்தி, வேகம் திரையில் விழுந்ததும் விட்டுவிடும் பழக்கம் காவலர்களிடையே சாதாரணம். எதிர்த் தடத்தில் வந்த கார் ஒன்று அளக்கப்பட்டபோது, கற்றையின் ஓரத்திலிருந்தோ, ஏதேனும் ஒரு வழிகாட்டிப் பலகையில் பட்டுத் தெறித்தோ உங்களுக்கு ஒரு துளி வந்து சேர்ந்தது. அது பலவீனமாக இருந்ததற்குக் காரணம் நீங்கள் குறியாக இல்லாததுதான்.

எண் கே பேண்டில் இருந்து, 24.1-க்கு அருகே அலைந்துகொண்டோ மாறிக்கொண்டோ இருந்தால், முதல் சந்தேகம் அந்தப் போலீஸ் காரின் மீதே விழ வேண்டும். அதன் ரேடார் மீது அல்ல. போலீஸ் காரும் ஒரு கார்தானே. பின் பம்பருக்குள் பார்வைக்குத் தப்பும் பக்கங்களைக் கவனிக்கும் உணரிகள் இருக்கலாம். பல மாடல்களில் அவை 24 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குகின்றன. காரின் பின்பக்கத்தைத் தாண்டும்போது மட்டும் ஒலித்து உடனே நின்றுவிட்டால் ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். காவலர் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கீச்சொலி கேட்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பணி தொடங்கும்போது காவலர் ரேடாரைச் சரிபார்ப்பார். இசைக்கவையைத் தட்டி ஆன்டெனாவுக்கு முன்னால் பிடிப்பார். அதன் அதிர்வை ரேடார் வேகமாகப் படிக்கும். கே பேண்ட் கருவிக்கு மணிக்கு 35 மைல் காட்ட வேண்டிய கவை சுமார் 2,520 ஹெர்ட்ஸில் அதிரும். இந்தச் சோதனை நடக்கும்போது கருவி அலையை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. காவல் நிலைய வாகன நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது, யாரும் யாரையும் துரத்தாத நேரத்தில், நான்கைந்து நொடி மங்கலாக ஒலிப்பது இதனால் இருக்கலாம்.

சரி, கசிவே இல்லையா என்று கேட்டால், கோட்பாட்டளவில் ஒரு வழி இருக்கிறது. டையோடை அணைக்காமல் ஓடவிட்டு, ஆன்டெனாவுக்குப் போகும் பாதையை மட்டும் அடைக்கும் ஒரு வடிவமைப்பை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த அடைப்பும் முழுமையானதல்ல. அது ஆற்றலைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், டிடெக்டர் பிடிக்கும் தொலைவு நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். முழு வீச்சில் 2 மைலுக்கு அப்பால் பிடிபட்ட ரேடார், இப்போது நூறு அடி சொச்சத்தில்தான் பிடிபடும். மணிக்கு 60 மைலில் நீங்கள் நொடிக்கு 88 அடி போகிறீர்கள். எச்சரிக்கை கிடைப்பதற்கும் போலீஸ் காரின் வண்ணம் கண்ணுக்குத் தெரிவதற்கும் இடையே அப்போது எந்த இடைவெளியும் இல்லை. அப்படி ஒரு கசிவு இருந்தாலும் அதற்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: போலீஸ் கார் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மங்கலான ஒலி, நெருங்க நெருங்க ஏறி இறங்குகிறது

இது கசிவு அல்ல. டிடெக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ரேடார் உங்களை அளக்க அதன் அலை உங்களை வந்து அடைந்து, மீண்டும் திரும்பிப் போக வேண்டும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். இருட்டில் டார்ச் அடிப்பவர் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய டார்ச் உங்களுக்குத் தெரிந்துவிடுவது போலத்தான். போகவர இரண்டு வழியும் நலியும் எதிரொலி தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. உங்களுக்கு வருவது இரண்டாம் அடுக்குக்கு ஏற்ப மட்டுமே. அதனால்தான் குன்றுக்கு அப்பால், வளைவுக்கு அப்பால் இருக்கும் ரேடாரும் முனகலாகக் கேட்கிறது.

ஓடிக்கொண்டே அளக்கும் ரேடார் பொருத்திய கார்களில் முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதுண்டு. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். உங்களுக்கு முன்னால் அதே திசையில் போகும் போலீஸ் காரின் முன் ஆன்டெனா இயங்கினால், கற்றை உங்களுக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. உங்களுக்குக் கிடைப்பது எதிரே வரும் லாரிகளிலும் பாலங்களிலும் பட்டுத் திரும்பும் எச்சம். அது லாரிக்கு லாரி ஏறி இறங்கும். அம்புக்குறி காட்டும் டிடெக்டர் இந்த நேரத்தில் முன், பின் என்று மாறிமாறிக் காட்டிக் குழம்பும். கருவியைக் குறை சொல்ல வேண்டாம். அலை உண்மையாகவே இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

அறிகுறி: எதுவுமே இல்லாமல் இருந்து, சட்டென்று முழு வேகத்தில் அலறல்

கசிவு நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. காவலர் கருவியைக் காத்திருப்பில் வைத்து, நீங்கள் தோதான தொலைவுக்கு வந்ததும் விசையை அழுத்தியிருக்கிறார். காத்திருக்கும் ரேடார் கணிசமாகக் கசியுமானால் இந்த உத்தி பலிக்கவே பலிக்காது. டிடெக்டருக்கு எதிராகப் போலீஸ் கையாளும் முதல் ஆயுதமே இதுதான். நீங்கள் தனியாக வெறிச்சாலையில் போகிறீர்கள் என்றால் டிடெக்டர் உங்களைக் காப்பாற்றாது. முன்னால் அரை மைலில் வேறு வாகனங்கள் இருந்தால், அவற்றை அளந்தபோது சிதறிய சிறு கீச்சொலிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. ஆகவே விட்டுவிட்டு வரும் பலவீனமான கேஏ ஒலியை, நீண்டு ஒலிக்கும் பலமான கே ஒலியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சில கருவிகளில் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக மட்டும் அலையை வெளியிடும் பாப் என்ற நிலையும் உண்டு. டிடெக்டரில் அதற்கான அமைப்பை இயக்கினால் பொய் அலறல்கள் கூடும். நான் அதை அணைத்தே வைப்பேன்.

அறிகுறி: பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட கார் வரும்போது மட்டும் மங்கலான கேஏ ஒலி

அந்தக் காரிலும் ஒரு டிடெக்டர் இருக்கிறது. இங்கேதான் உண்மையான கசிவு ஆரம்பம்.

டிடெக்டர் ரேடாரைப் போல எளிமையான கருவி அல்ல. எந்த எண்ணில் அலை வரும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே தனக்குள் ஓர் அலையியற்றியை இடைவிடாமல் ஓடவிட்டு, வருவதையெல்லாம் அதனுடன் கலந்து தேடுகிறது. பழைய வடிவமைப்புகளில் அது 11.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ 1 ஜிகாஹெர்ட்ஸைக் கழித்தால் எக்ஸ் பேண்ட். அதன் இரு மடங்குடன் 1 கூட்டினால் கே பேண்ட். ஒரே அலையியற்றியில் இரண்டு பேண்டும் கிடைத்துவிடும். வடிவமைத்தவரின் சிக்கனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் 11.55-இன் மூன்று மடங்கு 34.65. அது நேராகக் கேஏ பேண்டில், 34.7-க்குப் பக்கத்தில் போய் விழுகிறது. உள்ளே சரியான மறைப்பு இல்லாத மலிவான டிடெக்டர் அடுத்த காருக்குப் போலீஸ் ரேடாராகத் தெரிவது இப்படித்தான்.

சோதிப்பது எளிது. அந்தக் காரை முந்திப் போகவிடுங்கள். ஒலி அதனுடன் விலகிப் போனால் காரணம் கிடைத்துவிட்டது. போலீஸ் அலை சில நொடிகளில் மாறும்; ஒரு குறிப்பிட்ட காருடன் மைல் கணக்கில் ஒட்டிக்கொண்டு வராது.

இந்தக் கசிவு டிடெக்டர்காரர்களின் உள்விவகாரமாக மட்டும் நின்றுவிடவில்லை. சில டிடெக்டர்களின் அலை 11.7 முதல் 12.2 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் சிந்தி, சிறு செயற்கைக்கோள் முனையங்களைக் குலைத்ததால், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2002-இல் அந்தப் பகுதியில் டிடெக்டர்கள் வெளியிடும் அலைக்கு வரம்பு விதித்தது.

அறிகுறி: திரையில் விஜி-2 அல்லது ஸ்பெக்டர் என்ற எச்சரிக்கை

வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் டிடெக்டருக்குத் தடை. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் நாடு முழுவதும் தடை. தடை இருக்கும் இடத்தில் அதைக் கண்டுபிடிக்கப் போலீசுக்கு ஒரு கருவி வேண்டும் அல்லவா? டிடெக்டரின் உள்ளலை கசிகிறது என்பதை வைத்தே அந்தக் கருவியைச் செய்தார்கள். விஜி-2 என்பது 11.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும் ஓர் ஏற்பி. டிடெக்டர் தயாரிப்பாளர்கள் உள்ளலையை வேறு எண்ணுக்கு நகர்த்தி நழுவியதும், அகலமாகத் தேடும் ஸ்பெக்டர் என்ற ஆஸ்திரேலியக் கருவி வந்தது.

விஜி-2-வும் ஓர் ஏற்பிதான். அதற்குள்ளும் ஓர் அலையியற்றி ஓடுகிறது. அதுவும் கசிகிறது. இந்தப் பலவீனமான கசிவைப் பிடித்ததும் சில நொடிகளுக்குத் தன் உள்ளலையை அணைத்துக்கொண்டு மௌனமாகும் டிடெக்டர்கள் விற்பனைக்கு வந்தன. போலீஸ் கருவியிலிருந்து கசியும் மெல்லிய அலையை டிடெக்டர் பிடிக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் சொல்வது இந்த ஒன்றைப் பொறுத்தவரை முழு உண்மை. அளக்கும் கருவிக்கும் தேடும் கருவிக்கும் வேறுபாடு தெரியாமல் கதை கைமாறியதில்தான் ரேடார் துப்பாக்கியின் தலையில் பழி விழுந்திருக்க வேண்டும்.

தடை இல்லாத இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் டிடெக்டர் காதைப் பொத்திக்கொள்ளும். அந்த இடைவெளியில் உண்மையான ரேடாரையும் அது கேட்காது. தடை உள்ள இடத்தில் டிடெக்டரைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். அங்கே பிழை நீக்க ஒன்றுமில்லை.

அறிகுறி: ஊருக்குள் நுழைந்தாலே ஓயாத கே பேண்ட் ஒலி

கடைகளின் தானியங்கிக் கதவுகள், உங்கள் வேகத்தைக் காட்டும் சாலையோரப் பலகைகள், போக்குவரத்தை எண்ணும் கம்பத்து உணரிகள், பக்கத்து காரின் பம்பர். அணைத்துச் சோதிக்க முடிந்தது உங்கள் காரின் உணரி மட்டுமே. முதலில் அதை அணைத்துப் பாருங்கள். மற்றவற்றுக்கு டிடெக்டரின் வாகன உணரி வடிகட்டியை இயக்குங்கள். 2017-இல் 76 முதல் 81 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி வாகன ரேடார்களுக்கென்று திறந்துவிடப்பட்டதால், புதிய கார்கள் அங்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த உயரம் டிடெக்டருக்குக் கேட்காது. பழைய கார்கள் சாலையில் இருக்கும்வரை இந்தத் தொல்லையும் இருக்கும்.

அறிகுறி: ஒலியே இல்லை, ஆனால் அபராதச் சீட்டு கையில்

டிடெக்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகம் காட்டும் சாலையோரப் பலகையை நோக்கி ஓட்டிச் செல்லுங்கள். அங்கேயும் மௌனம் என்றால் கே பேண்ட் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஜிபிஎஸ் நினைவகம் அந்த இடத்தை வழக்கமான பொய் அலறல் என்று பூட்டி வைத்திருக்கிறது. நீங்கள் தினமும் போகும் பாதையில் போலீஸ் அதே இடத்தில் அதே கே அலைவெண்ணில் தவறாமல் நின்றால், அதையும் சில டிடெக்டர்கள் கதவு என்று எண்ணிப் பூட்டிவிடக்கூடும். பூட்டுப் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடியும் அலையை விழுங்கும். கண்ணாடியின் மேல் நடுவில் பூச்சில்லாத திட்டு இருந்தால் டிடெக்டரை அங்கே மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் சீட்டில் எழுதியிருக்கும் அளவீட்டு முறையைப் படியுங்கள். லேசர் என்றிருந்தால் 904 நானோமீட்டர் அகச்சிவப்புக் கற்றை. ஆயிரம் அடியில் அதன் அகலம் மூன்று அடிதான். உங்கள் எண் பலகையில் பட்ட கற்றை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் டிடெக்டரைத் தொடாமலே போகலாம். தொட்டாலும் அரை நொடிக்குள் அளந்து முடித்திருப்பார்கள். பின்தொடர்ந்து ஓட்டி அளந்ததாகவோ, சாலையில் வரைந்த கோடுகளுக்கு இடையே கடிகாரம் வைத்து அளந்ததாகவோ எழுதியிருந்தால், அங்கே எந்த அலையும் வெளியே போகவே இல்லை; டிடெக்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை.